எல்இடியைக் கர்னலிடம் ஒப்படைப்பது: எதை டிவைஸ் ட்ரீயில் எழுதலாம், எதை எழுதக் கூடாது

ராஸ்பெர்ரி பையில் ஒரு எல்இடியை மாட்டி, பைத்தான் நிரல் எதுவும் இல்லாமல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே அதை ஏற்றி அணைக்கும்படி செய்யப் போகிறோம். கார்டில் ஓஎஸ் ஏற்றுவது, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று காட்பாடியில் என் மேசைமேல். இன்னொன்று அணைக்கட்டுப் பக்கம் மாமாவின் நிலத்தில், மோட்டார் ஷெட்டில். போர்டு, வயரிங், பச்சை விளக்கு எல்லாம் ஒன்றுதான். மேசைமேல் இருப்பது துடித்துக்கொண்டே இருந்தால்தான் எனக்கு நிம்மதி. ஷெட்டில் கட்டில் போட்டுப் படுக்கும் மாமாவோ, "இன்னாபா இது, ராத்திரி பூரா கண் சிமிட்டிக்கினே கீது" என்கிறார்.

பெட்டியை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் மாறாத தகவல் வன்பொருள். அது டிவைஸ் ட்ரீக்கு, அதாவது போர்டில் என்னென்ன எப்படி இணைந்திருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியலுக்குப் போகும். ஆள் மாறினால் மாறுவது விருப்பம். அது டிவைஸ் ட்ரீக்கு வெளியே இருக்க வேண்டும். எந்த வரியை எழுதினாலும் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் படி, வயரிங். பையின் 1-ஆம் பின்னில் 3.3 வோல்ட். அதிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அடுத்து எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால் 11-ஆம் பின்னுக்கு, அதாவது ஜிபிஐஓ 17-க்கு (ஜிபிஐஓ என்பது மென்பொருளால் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய பின்). சுமார் 4 மில்லி ஆம்பியர்தான் ஓடும், பயமில்லை. கிரவுண்டில் சேர்க்காமல் ஏன் இப்படித் தலைகீழாக மாட்டுகிறோம்? கடைகளில் கிடைக்கும் பல போர்டுகளில் விளக்கு இப்படித்தான் இருக்கும்: பின் தாழ்ந்தால் எரியும், உயர்ந்தால் அணையும். இதற்குப் பழகிவிட்டால் மற்றது சுலபம்.

இரண்டாம் படி, ஓவர்லே கோப்பு. போர்டின் டிவைஸ் ட்ரீமேல் நம் வரிகளைச் சேர்ப்பது இதுதான். மரத்தின் வேருக்குக் கீழே ஒரு நோடு, அதாவது ஒரு கிளை. அதன் 'கம்பேட்டிபிள்' மதிப்பு 'ஜிபிஐஓ-லெட்ஸ்'. அதற்குள் விளக்குக்கு ஒரு துணை நோடு. அதில் 'ஜிபிஐஓஸ்' என்ற வரியில் கன்ட்ரோலரின் பெயர், பின் எண் 17, கடைசியில் ஒரு 1. 'கலர்' 2, அதாவது பச்சை. 'ஃபங்ஷன்' என்பதற்கு 'ஸ்டேட்டஸ்'. பழைய பதிவுகளில் 'லேபிள்' என்று எழுதச் சொல்வார்கள், அதை விடுங்கள். கலரும் ஃபங்ஷனும் கொடுத்தால் கர்னலே 'கிரீன்:ஸ்டேட்டஸ்' என்று பெயர் வைத்துவிடும்.

அந்தக் கடைசி 1-இல் கொஞ்சம் நிற்போம். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 0 என்றால் பின் உயர்ந்தால் எரியும், 1 என்றால் தாழ்ந்தால் எரியும். இதை 0 என்று எழுதிவிட்டால் பிழைச்செய்தி ஒன்றும் வராது. எல்லாம் ஓடும், விளக்கு மட்டும் எதிர்மாறாக நடக்கும். விளக்கை ஏற்றி அணைக்கக் கர்னல் தரும் 'பிரைட்னஸ்' கோப்பில் 1 எழுதினால் அணையும், 0 எழுதினால் எரியும். உடனே ஸ்கிரிப்டில் 0-ஐயும் 1-ஐயும் மாற்றிப் போட்டுச் சமாளிக்கத் தோன்றும். விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று கர்னலுக்குச் சொல்வது ட்ரிகர்; துடிக்க வைக்கும் ஹார்ட்பீட் ட்ரிகரில் 'இன்வெர்ட்' என்ற கோப்பும் இருக்கிறது, அதில் 1 போட்டால் சரியான மாதிரியே தெரியும். வேண்டாம். கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பது மாமாவுக்காகவோ எனக்காகவோ மாறுகிற விஷயமா? அது வன்பொருள், டிவைஸ் ட்ரீயிலேயே திருத்துங்கள். ஸ்கிரிப்டில் திருத்தினால், நாளைக்கு வேறு ட்ரிகர் போடும்போது மறுபடி தலைகீழாகும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுத்து, விளக்கு எரியும்போது பின்னில் எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள். அந்தச் சின்ன மீட்டரைவிட நல்ல டீபக்கர் இதற்கு இல்லை.

மூன்றாம் படி, டிவைஸ் ட்ரீ கம்பைலரான டிடிசியால் ஓவர்லேயைக் கட்டுவது. ஹெடர் கோப்பில் உள்ள 'ஜிபிஐஓ_ஆக்டிவ்_லோ' (நம் கடைசி 1-இன் பெயர்) போன்ற பெயர்களை டிடிசி தனியாகப் புரிந்துகொள்ளாது, சின்டாக்ஸ் பிழை என்று திட்டும். பெயர்களை எண்ணாக மாற்றும் சி ப்ரீபிராசஸர் வழியாக அனுப்பிவிட்டுக் கொடுக்கலாம்; ஒரே ஒரு விளக்குக்கு எண்ணையே எழுதிவிடுவது என் வழக்கம். கட்டிய கோப்பை ஓவர்லேஸ் அடைவில் போட்டு, 'கான்ஃபிக்' கோப்பில் 'டிடிஓவர்லே' வரியைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். 2023-இல் வந்த புக்வொர்ம் முதல் அந்தக் கோப்பு 'பூட்' அடைவுக்குள் 'ஃபர்ம்வேர்' என்பதில் இருக்கிறது.

நான்காம் படி, விருப்பம். '/சிஸ்/கிளாஸ்/லெட்ஸ்' அடைவுக்குள் நம் விளக்கு வந்திருக்கும். அதன் 'ட்ரிகர்' கோப்பைப் படித்தால் நீளமாக ஒரு பட்டியல். இப்போது நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் தெரியும். 'ஹார்ட்பீட்' என்று எழுதுங்கள், துடிக்கும். கணினிக்கு வேலை கூடினால் துடிப்பும் வேகமாகும். 'சூடோ எக்கோ' என்று எழுதி அம்புக்குறி போட்டால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது சூடோ இல்லை, உங்கள் ஷெல். 'டீ' கட்டளை வழியாக எழுதுங்கள்.

ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க, சாதனம் வந்ததும் அதன் அமைப்புகளைப் போடும் யூடெவ்வுக்கு ஒரு விதி போதும்: லெட்ஸ் வகையில் இந்தப் பெயர் வந்தால் ட்ரிகரை இப்படி வை. என் மேசைப் பெட்டியில் ஹார்ட்பீட், மாமாவின் பெட்டியில் 'நன்', அதாவது ட்ரிகர் எதுவும் இல்லை. ஓவர்லே இரண்டிலும் ஒன்றே. ட்ரிகரை டிவைஸ் ட்ரீயிலேயே எழுத 'லினக்ஸ்,டிஃபால்ட்-ட்ரிகர்' என்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. முன்னால் இருக்கும் 'லினக்ஸ்' என்ற சொல்லே சொல்லிவிடுகிறது, இது போர்டைப் பற்றிய செய்தி இல்லை, ஒரு ஓஎஸ்ஸுக்கான வேண்டுகோள் என்று. அதே டிவைஸ் ட்ரீயை யூ-பூட் என்ற பூட்லோடரும் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு ஓஎஸ்ஸும் படிக்கின்றன. நான் அந்த வரியைத் தொடுவதில்லை. ஆனால் பெட்டியின் மேல் 'டிஸ்க்' என்றே அச்சடித்திருந்தால் கதை வேறு; அச்சும் வன்பொருள்தான், அதை 'ஃபங்ஷன்' வரியில் எழுதலாம்.

கரன்ட்டும் அப்படித்தான். டிரைவர் சிப் வைத்த எல்இடிக்கு 'லெட்-மேக்ஸ்-மைக்ரோஆம்ப்' என்பது அது எவ்வளவு தாங்கும் என்பது, அதனால் மரத்தில் இருக்கட்டும். எவ்வளவு பளிச்சென்று எரிய வேண்டும் என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது.

பின்சேர்க்கை: 'பிரைட்னஸில் 0 எழுதினேன், துடிப்பே போய்விட்டது' என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், 0 எழுதினால் கர்னல் ட்ரிகரையும் கழற்றிவிடும். மறுபடி ட்ரிகர் கோப்பில் எழுத வேண்டும்.

இன்னொருவர், குடியாத்தத்துக்காரர், பழைய பைத்தான் நிரலை ஓட்டினால் பின் 'பிசி' (வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்) என்று வருகிறது என்றார். ஜிபிஐஓ 17-ஐக் கர்னல் டிரைவர் பிடித்துக்கொண்ட பிறகு கர்னலிடம் பின்னைக் கேட்கும் பைத்தான் நூலகத்துக்கு அது கிடைக்காது. நிரலிலிருந்து பின்னைத் தொடும் வரிகளை எடுத்துவிட்டு, ரூட் உரிமையோடு 'பிரைட்னஸ்' கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.