முரட்டு விளையாட்டு ஆடலாம், ஆனால் வாய் மெத்தென்று இருக்கணும்: குட்டி நாய்க்குக் கடியை அடக்கப் பழக்குவது

குட்டி கடிக்கத்தான் செய்யும். அதற்குக் கை கிடையாது, எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்கும். 28 பால்பற்களும் ஊசி மாதிரி குத்தும். ஆனால் தாடையில் இன்னும் வலு ஏறியிருக்காது. எவ்வளவு அழுத்தினால் எதிராளிக்கு வலிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும் வயது இதுதான். அதனால் எடுத்த எடுப்பிலேயே "கடிக்கவே கூடாது" என்று தடை போடாதீர்கள். முதலில் அழுத்தம் குறையட்டும், கடிப்பது பிறகு நிற்கட்டும். நாளைக்கு யாராவது தெரியாமல் வாலை மிதித்துவிட்டால், மெதுவாகக் கவ்வப் பழகிய நாய் தோலைக் கிழிக்காமல் விட வாய்ப்பு அதிகம்.

படி 1: தரையில் உட்கார்ந்து கையாலேயே விளையாடுங்கள். லேசாகக் கவ்வினால் கண்டுகொள்ள வேண்டாம். அழுத்திக் கடித்த அந்த நொடியே "ஆ!" என்று சொல்லிவிட்டுக் கையைத் தளர விடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அதுவும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் இறுக்கும். எழுந்து 20 நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, மறுபடி ஆரம்பியுங்கள். சில குட்டிகளுக்கு அந்த "ஆ!" சத்தமே வெறியேற்றும். அப்படிப்பட்டதிடம் வாய் திறக்காமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

படி 2: பலமான கடி நின்றதும் நடுத்தரமான கடிக்கும் அதே மாதிரி எழுந்து போங்கள். அப்புறம் பல் பட்டாலே ஆட்டம் நிற்கணும். ஏறக்குறைய 4 மாதத்தில் பால்பல் விழ ஆரம்பிக்கும், 6, 7 மாதத்துக்குள் நிரந்தரப் பல் 42-உம் வந்துவிடும். அதற்கு முன்பே இந்தப் பாடம் ஏறிவிட்டால் நல்லது.

படி 3: இனி கயிறு இழுக்கலாம். "எடு" என்றால் பிடிக்கணும், "விடு" என்றால் விடணும். முதல் சில நாள் மூக்கருகே ஒரு தின்பண்டத்தைக் காட்டுங்கள், தானாக விடும். தாழ்வாக, பக்கவாட்டில் இழுங்கள், மேலே தூக்கினால் கழுத்துக்குக் கேடு. பல் முளைக்கும் காலத்தில் இன்னும் மெதுவாக. நாயை ஜெயிக்க விட்டால் தலைக்கேறிவிடும் என்பார்கள், நான் நம்புவதில்லை. ஜெயித்த கயிற்றைப் பெரும்பாலும் உங்களிடமே கொண்டுவந்து நீட்டும்.

படி 4: பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 30 நொடி முரட்டு ஆட்டம், உடனே சிலை மாதிரி நில்லுங்கள். குட்டி உட்கார்ந்ததும் மறுபடி ஆட்டம். கொதிப்பிலிருந்து இறங்கி வரவும் அது பழகணும்.

இழுக்கும்போது உறுமினால் பயப்படாதீர்கள். முன்னங்காலைத் தாழ்த்தி, உடம்பைத் தளரவிட்டுக் குதித்தால் அது விளையாட்டுதான். உடம்பு விறைத்து, கண் கொட்டாமல் முறைத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூக்கில் அடிப்பது, வாயைப் பொத்திப் பிடிப்பது இரண்டும் கையைக் கண்டாலே மிரள வைக்கும். சிறு குழந்தைகளுக்கு இந்த ஆட்டமே வேண்டாம். வளர்ந்த நாய் ஆழமாகக் கடிக்கிறதென்றால் இந்தப் படிகளை முயலாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். விளையாட்டில் பல் கீறி ரத்தம் வந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.