புதிய தலைவர் வந்தபின் வாய்க்காலைத் தூர்வார வைப்பது எப்படி?

வெற்றி ஊர்வலத்துக்கு நானும் வெடி வாங்கினேன். மறுவாரமே வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களுக்குக் காவிரித் தண்ணீர் ஓடிவரும் என்று நம்பினேன். வரவில்லை. மேட்டூர் அணையில் 120 அடி நிறைவதற்குக் கர்நாடகத்தின் குடகில் மழை பெய்யவேண்டும். கர்நாடகம் ஆண்டுக்கு விடவேண்டியது 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதை எந்தத் தலைவரும் ஒரு கையெழுத்தில் கூட்டிவிட முடியாது.

ஆகவே கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள்: தூர்வாருதல். ஜூன் 12 அணை திறக்கும் மரபு நாள். ஏப்ரலிலேயே ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். வாய்க்கால் பெயர், மதகு, தூர்ந்த நீளம் எல்லாம் எழுதுங்கள். ('ஐயா, காப்பாற்றுங்கள்' என்று மட்டும் நான் எழுதிய முதல் மனு எங்கே போனதோ!) ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு.

பொக்லைன் வந்தால் கரையிலேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் ஆகாயத்தாமரையை மட்டும் வாரிவிட்டுப் போய்விடுவார்கள். அடிமண் அப்படியே கிடக்கும்.