மெய்நிகராக்க வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: விசிடிஎக்ஸ் நோக்கிச் செல்வோருக்கு

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் மெய்நிகராக்க மென்பொருளுக்குப் பெயர்பெற்ற விஎம்வேரின் சான்றிதழ் வரிசையில் உச்சியில் இருப்பது விசிடிஎக்ஸ். கீழ்ப்படிகளில் உள்ள தேர்வுகளைப் போல, கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இதை வென்றுவிட முடியாது. ஒரு நிறுவனத்துக்கான முழு வடிவமைப்பையும் விண்ணப்பதாரர் எழுதி அனுப்ப வேண்டும். அதனுடன் நிறுவல் வழிகாட்டி, செயலாக்கத் திட்டம், சோதனைத் திட்டம், அன்றாட இயக்க நடைமுறைகள் ஆகியவையும் சேர வேண்டும். ஆவணம் தேறினால், முன்பே அந்தச் சான்றிதழைப் பெற்ற வல்லுநர்களின் குழு முன் நின்று, எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரைக் கையகப்படுத்திய பிறகு பொருள்களின் பெயர்களும் லைசென்ஸ் முறையும் பெரிதும் மாறின. சான்றிதழின் இன்றைய விதிகளை அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது. ஆனால் இந்தத் தேர்வு வளர்த்தெடுத்த வடிவமைப்பு ஒழுங்கு எந்தப் பொருளுக்கும் பொருந்தும். இதைப் படிப்பவர் தேர்வே எழுதாவிட்டாலும், நாளை ஒரு கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் சர்வர்களின் தொகுப்பை) வடிவமைக்கப் போகிறவர் என்றால், இங்கே சொல்லப்படும் தவறுகள் அவருக்கும் உரியவை.

எல்லாத் தவறுகளுக்கும் வேர், பொருளிலிருந்து தொடங்குவது. எந்த சர்வர், எந்த ஸ்டோரேஜ், எத்தனை ஹோஸ்ட் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர்) என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்றபடி தேவைகளை எழுதிச் சேர்க்கும் ஆவணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதப்பட்டதை இரண்டே கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம். ‘இந்த முடிவு எந்தத் தேவையிலிருந்து வந்தது?’ என்பது முதல் கேள்வி. ‘அந்தத் தேவை இல்லாவிட்டால் இதை மாற்றியிருப்பீர்களா?’ என்பது இரண்டாவது. முறையான வடிவமைப்பு கருத்து நிலையில் தொடங்கி, தர்க்க நிலைக்கு வந்து, கடைசியில்தான் பௌதிக நிலைக்கு, அதாவது குறிப்பிட்ட மாடல் எண்ணுக்கும் விஎல்ஏஎன் (வலையமைப்பின் தனிப் பிரிவு) எண்ணுக்கும் இறங்கும். நடுப்படியைத் தாண்டிக் குதிப்பவர்களால், வாடிக்கையாளர் ஸ்டோரேஜ் நிறுவனத்தை மாற்றச் சொன்ன மறுநாளே ஆவணத்தின் பாதியைத் திருத்தாமல் இருக்க முடிவதில்லை.

தேவை, கட்டுப்பாடு, அனுமானம், இடர் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது அடுத்தது. ஆண்டுக்கு 99.9 சதவீத இயங்குநேரம் வேண்டும் என்பது தேவை. சென்ற ஆண்டு வாங்கிய ஸ்டோரேஜைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கட்டுப்பாடு. இரண்டு தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பு போதிய வேகத்தில் இருக்கும் என்பது அனுமானம். இந்த மூன்றாவதில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஹோஸ்ட்டுகளின் வட்டுகளையே சேர்த்துப் பொது ஸ்டோரேஜாக்கும் விசானில், ஸ்ட்ரெச்சுடு கிளஸ்டர் ஒன்றை இரு தளங்களில் விரித்து அமைக்க, அவற்றுக்கிடையே சென்று திரும்பும் தாமதம் 5 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது. ‘ஒரே நகரம்தானே, இருக்காது’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால், தொலைத்தொடர்பு நிறுவனம் வேறு வழியில் சுற்றி இணைப்பைக் கொண்டுவரும்போது முழு வடிவமைப்பும் சரிந்துவிடும். எனவே ஒவ்வொரு அனுமானத்துக்கும் எதிரே, அதைச் சரிபார்க்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள், தவறாகிவிட்டால் மாற்று என்ன என்ற மூன்றையும் எழுத வேண்டும். சரிபார்க்க முடியாத அனுமானத்தை இடர்ப் பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும்.

எண்களை அளந்து பார்க்காமல் ஏற்பது

99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் இயங்காமல் இருக்கலாம். 99.99 சதவீதம் என்றால் சுமார் 52 நிமிடம்தான். திட்டமிட்ட பராமரிப்பு நேரம் இந்தக் கணக்கில் வருமா, வராதா என்று கேட்காமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது பலரும் செய்யும் தவறு. ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கும் பகுதிகளின் கணக்கையும் மறந்துவிடுகிறார்கள். செயலி ஓடும் அடுக்கும் தரவுத்தள அடுக்கும் தனித்தனியே 99.9 சதவீதம் தந்தாலும், இரண்டும் சேர்ந்தால்தான் சேவை நடக்கும் என்ற நிலையில் கிடைப்பது 99.8 சதவீதம், அதாவது ஆண்டுக்குப் பதினேழரை மணி நேரம். அதே போல, விஎம்வேரின் மெய்நிகராக்கத் தளமான விஸ்பியரில் ஹெச்ஏ (ஹோஸ்ட் பழுதிலிருந்து மீட்கும் வசதி) இருப்பதால் தடங்கலே வராது என்று எழுதுவதும் பிழை. ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்த மெய்நிகர் கணினிகளை ஹெச்ஏ வேறு ஹோஸ்ட்டில் மறுதொடக்கம் செய்கிறது; இயங்குதளம் எழுந்து, செயலி எழுந்து, தரவுத்தளம் தன்னைச் சரிபார்த்து முடிக்கும் வரை பயனருக்கு அது தடங்கல்தான்.

கொள்ளளவைக் கணக்கிடும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தலா 512 ஜிபி ரேம் உள்ள 4 ஹோஸ்ட்டுகள் கொண்ட ஒரு கிளஸ்டரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 2,048 ஜிபி. ஒரு ஹோஸ்ட் இழப்பைத் தாங்க வேண்டுமென்றால் 1,536 ஜிபிக்கு மேல் நம்பக் கூடாது. தலா 16 ஜிபி கொண்ட 90 மெய்நிகர் கணினிகள் 1,440 ஜிபி கேட்கும். ஹைப்பர்வைசருக்கான (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடித்தள மென்பொருளுக்கான) பங்கைக் கழித்த பிறகும் ஏறக்குறைய அடங்கிவிடும் என்று பெரும்பாலோர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ரிசர்வேஷன் (உறுதியாக ஒதுக்கிய நினைவகம்) எதுவும் வைக்காத கணினி ஒவ்வொன்றும் தன் ரேம் அளவுக்கே ஒரு ஸ்வாப் கோப்பை, அதாவது ரேம் போதாதபோது பயன்படும் வட்டுக் கோப்பை, டேட்டாஸ்டோரில் (மெய்நிகர் கணினிகளின் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடத்தில்) உருவாக்கும். ஆகவே 90 கணினிகளையும் இயக்கியவுடன் 1,440 ஜிபி இடம் கணக்கில் வராமல் போய்விடும். பராமரிப்புக்காக ஒரு ஹோஸ்ட்டை நிறுத்தியிருக்கும் இரவில் இன்னொன்று விழுந்தால் மிஞ்சுவது 1,024 ஜிபி. இதை ஏற்றுக்கொள்வதா, ஐந்தாவது ஹோஸ்ட் வாங்குவதா என்பது வாடிக்கையாளர் எடுக்க வேண்டிய முடிவு; அதை அவர் முன் வைக்காமல் விடுவது வடிவமைப்பாளரின் குற்றம்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஹெச்ஏ அட்மிஷன் கண்ட்ரோலில் (ஹோஸ்ட் இழப்புக்கென இடம் ஒதுக்கிவைக்கும் அமைப்பில்) 25 சதவீதத்தை ஒதுக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு ரிசர்வேஷனை வைத்தே நடக்கிறது, உண்மையான பயன்பாட்டை வைத்து அன்று. ரிசர்வேஷன் இல்லாத கணினிகளை அது மிகச் சிறியவையாகவே எண்ணுகிறது. எனவே ரேமை மிஞ்சி நிரப்பினாலும் தடுக்காது. ஹோஸ்ட் விழுந்த பிறகு எல்லாக் கணினிகளும் எழுந்துவிடும், ஆனால் நினைவகம் போதாமல் ஸ்வாப்புக்குள் விழுந்து நகர மறுக்கும். விஸ்பியர் 6.5 பதிப்பில் வந்த செயல்திறன் இழப்பு எச்சரிக்கை அமைப்பு இதற்காகவே இருந்தாலும், இயல்புநிலையில் அது 100 சதவீத இழப்பையும் பொறுத்துக்கொள்வதாக இருப்பதால் எச்சரிப்பதே இல்லை. அதைக் குறைத்து வைத்து, ஏன் அந்த எண் என்றும் எழுத வேண்டும்.

சிபியு, ரேம் போன்றவற்றைப் பங்கிட்டுத் தரும் ரிசோர்ஸ் பூலைக் கோப்புறைபோலப் பயன்படுத்துவது மற்றொன்று. ‘உற்பத்தி’ என்ற பூலுக்கு ஹை, அதாவது சிபியு ஷேர்ஸ் (போட்டி வரும்போது கிடைக்கும் பங்கு) 8,000. ‘சோதனை’ பூலுக்கு நார்மல், அதாவது 4,000. பார்வைக்கு உற்பத்திக்கு இரு மடங்கு முன்னுரிமை. ஆனால் உற்பத்தியில் ஒரே அளவுள்ள 40 கணினிகள், சோதனையில் 4 என்றால், நெருக்கடி வரும்போது உற்பத்திக் கணினி ஒன்றுக்குக் கிடைப்பது 200 பங்கு, சோதனைக் கணினிக்கு 1,000 பங்கு. முன்னுரிமை தலைகீழாகிவிட்டது! சாதாரண நாள்களில் போட்டியே இல்லாததால் இது வெளியே தெரியாது. ஹோஸ்ட் ஒன்று விழுந்து எல்லோரும் சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும் நாளில்தான் தெரியும். விஸ்பியர் 7 கொண்டுவந்த ஸ்கேலபிள் ஷேர்ஸ் இதைச் சரிசெய்கிறது. ஆனால் அதை இயக்கியிருக்க வேண்டும். வகைப்படுத்தி வைப்பதுதான் நோக்கமென்றால் அதற்குக் கோப்புறைகளே இருக்கின்றன.

கணினிகளை வேண்டுமென்றே பெரிதாக்குவதும் இப்படித்தான். ‘நாளை தேவைப்படலாம்’ என்று 4 விசிபியு (மெய்நிகர் சிபியு) போதுமான இடத்தில் 16 கொடுத்தால், அந்தக் கணினி வேகமாக ஓடாது. சிபியு நேரத்துக்காகக் காத்திருக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் காக்க வைக்கும். நிகழ்நேர வரைபடத்தில் ஒரு விசிபியுவின் ரெடி நேரம் (சிபியுவுக்காகக் காத்திருந்த நேரம்) 2,000 மில்லி விநாடி என்று வந்தால், 20 விநாடி இடைவெளியில் அது 10 சதவீதக் காத்திருப்பு. நியூமா எல்லையையும் (ஒரு சாக்கெட்டுக்கு நேரடியாக அருகே உள்ள நினைவகத்தின் வரம்பையும்) பார்க்க வேண்டும்: இரண்டு சாக்கெட், 512 ஜிபி கொண்ட ஹோஸ்ட்டில் ஒரு பக்கத்துக்கு 256 ஜிபிதான்; 300 ஜிபி கேட்கும் தரவுத்தளம் அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தை எட்டிப்பிடிக்க நேரிடும்.

ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்தில் மெய்நிகர் கணினி இருந்த நிலையின் பதிவை) பேக்கப் என்று எழுதுபவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மூல வட்டு இருக்கும் அதே டேட்டாஸ்டோரிலேயே பெரும்பாலும் அது இருப்பதால், டேட்டாஸ்டோர் போனால் இரண்டும் போய்விடும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை.

லைசென்ஸ் வடிவமைப்பை இழுத்துச் செல்வது

இன்று லைசென்ஸ் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோருக்கான கட்டணம் கட்ட வேண்டும். 8 கோர் சிபியு வாங்கினாலும் 16க்கே கட்டணம் என்பதால், குறைந்த எண்ணிக்கையில் பெரிய ஹோஸ்ட்டுகளை வாங்கும் போக்கு கூடிவிட்டது. செலவு நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் 8 ஹோஸ்ட்டுகளில் ஒன்று விழுந்தால் இழப்பது எட்டில் ஒரு பங்கு, 4 ஹோஸ்ட்டுகளில் ஒன்று விழுந்தால் கால் பங்கு. விசானில் இது இன்னும் இறுகும்: ஒரு பழுதைத் தாங்க ரெய்டு 1 (இரட்டைப் பிரதி) முறையில் குறைந்தது 3 ஹோஸ்ட் போதும் என்பது உண்மை, ஆனால் ஒன்று நிரந்தரமாகப் போனால், இழந்த பிரதியை மறுபடி உருவாக்க நான்காவது ஹோஸ்ட் இருந்தால்தான் முடியும். பணத்தை மிச்சப்படுத்திய முடிவு எந்தத் தரத்தைக் குறைத்தது என்பதை ஆவணம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

குழு முன் நிற்கும்போது

‘இது சிறந்த நடைமுறை’ என்பதை விடையாகச் சொல்பவர்களைக் குழு விடாது. பரிந்துரை பொதுவானது, வடிவமைப்பு குறிப்பிட்ட ஒருவருக்கானது. பரிந்துரையை இந்த வாடிக்கையாளருக்கு ஏன் ஏற்றோம் என்பதே விடை. தள்ளிவிட்ட மாற்று வழிகளையும், அவற்றைத் தள்ளியதால் இழந்ததையும் சொல்லத் தெரியாதவர், தன் முடிவைத் தான் எடுக்கவில்லை என்றே காட்டிக்கொள்கிறார். இரவல் வாங்கிய ஆவணம் இங்கேதான் பிடிபடும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதி, அவற்றுள் ஒன்றுக்கொன்று முரணான எண்களை வைத்திருப்பதும் அப்படியே: வடிவமைப்பில் 9,000 எம்டியு (வலையமைப்புப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு), நிறுவல் வழிகாட்டியில் 1,500 என்று இருந்தால், அந்த இரண்டையும் ஒருவரே திரும்பப் படிக்கவில்லை என்று பொருள்.

வடிவமைப்பைப் பாதுகாத்துப் பேசிய பிறகு, குழு புதிதாக ஒரு சூழலைக் கொடுத்து, தங்களை வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு வடிவமைக்கச் சொல்லும். நேரம் குறைவு என்ற பதற்றத்தில் உடனே எழுந்து பலகையில் கிளஸ்டர்களை வரையத் தொடங்குபவர்களே அதிகம். குழு பார்க்க விரும்புவது முடிந்த படத்தை அன்று, படத்துக்கு எப்படி வருகிறீர்கள் என்பதை. எத்தனை பயனர்கள், எது நின்றால் வணிகம் நிற்கும், எவ்வளவு தரவை இழக்கலாம், எவ்வளவு நேரத்துக்குள் மீள வேண்டும், இப்போது இருப்பவற்றில் எதை மாற்றவே கூடாது, இயக்கப் போகும் குழுவில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். கிடைத்த விடைகளைத் தேவை, கட்டுப்பாடு என்று பலகையின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, விடை கிடைக்காதவற்றை அனுமானம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதன் பிறகு முதல் கோட்டை வரையலாம்.