தூத்துக்குடி–கொழும்பு டகோட்டா: வ.உ.சி. கம்பெனிக்கு ஒரு விமானம்

1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், 1911-ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். அது பிழைத்திருந்தால்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. இந்தியாவில் பல விமானக் கம்பெனிகள் அவற்றை வைத்துத்தான் தொழில் நடத்தின. அந்த வரிசையில் சுதேசி கம்பெனியும் 1946-ல் ஒரு டகோட்டா வாங்கி, பழைய கொழும்புத் தடத்திலேயே விட்டிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? பாளையங்கோட்டை வீட்டு மாடியில் மூன்று மாதம் உட்கார்ந்து அந்த விமானத்தைத்தான் ஒரு சின்ன பிளாஸ்டிக் மாடலாகச் செய்தேன்.

முதலில் கற்பனையை ஒழுங்குபடுத்துங்கள். வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். 1953-ல் தனியார் விமானக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. ஆக, என் விமானம் 1946-க்கும் 1953-க்கும் நடுவில் பறக்க வேண்டும். இந்தியப் பதிவெண் ‘விடி’ என்று தொடங்கும். நான் ‘விடி-விஓசி’ என்று வைத்தேன். நிறத்துக்குப் பத்தமடைப் பாயைத்தான் விரித்துப் பார்த்தேன். அதன் கரையில் ஓடும் அடர்சிவப்பும் பச்சையும் ஜன்னலுக்குக் கீழே இரண்டு கோடுகளாகின. மேல்பாதி வெள்ளை, அடிப்பாதி வெறும் அலுமினிய நிறம்.

மாடலின் அளவு 1/72 எடுங்கள், அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 29 மீட்டர் இறக்கை 40 சென்டிமீட்டராக வரும். 1/144 பெட்டி விலை குறைவுதான், ஆனால் தமிழ் எழுத்து எழுதுவதாக இருந்தால் வேண்டாம். நிஜ விமானத்தில் 10 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு புள்ளி, 1/144-ல் 0.7 மில்லிமீட்டர்தான். மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும்.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பெட்டியில் வரும் படத்தைப் பார்த்தே செய்யலாம். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் பசைதான் நல்லது, டமியாவின் பச்சை மூடி பாட்டிலைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். அங்கே ஃபெவிக்விக் வைத்தால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துப்போகும். மாடல் வால் பக்கம் சாயாமல் இருக்க மூக்குக்குள் ஈயம் வைக்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டகோட்டாவுக்கு வேண்டாம், அது வால் சக்கரத்தில் உட்காரும் விமானம்.

பெயின்டில் வரிசை முக்கியம். ஸ்ப்ரே டப்பாவில் வரும் வெள்ளி நிற லாக்கர் பெயின்ட் முதலில், அக்ரிலிக் வெள்ளை அதற்கு மேல். மாற்றிச் செய்தால் கீழே இருக்கும் பூச்சு சுருங்கிப்போகும். கோடு போட டேப் ஒட்டியதும் நேராகச் சிவப்பை அடிக்காதீர்கள். டேப்பின் ஓரத்தில் முதலில் அதே வெள்ளையை ஒரு தடவை தடவிக் காயவிடுங்கள். கசிவதாக இருந்தால் வெள்ளைதான் கசியும், பிறகு அடிக்கும் சிவப்பு கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கும்.

இனி டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் அச்சுப் படலம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு ஒரு மாதம் இதில் போனது.

‘சுதேசி’ என்று கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, ஒட்டியும் முடித்தேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் ‘தே’யின் கொம்பு ‘த’வுக்கு அந்தப் பக்கம், ‘சி’க்கு முன்னால் நிற்கிறது. ‘சுதசேி’ மாதிரி ஒரு உருவம். நான் பயன்படுத்திய பழைய படம் வரையும் மென்பொருளுக்குக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது தெரியவில்லை. வ.உ.சி. கம்பெனியின் பெயரையே தப்பாக எழுதிவிட்டோமே என்று அன்று முழுக்க மனசு சரியில்லை. இப்போது இங்க்ஸ்கேப்பில்தான் செய்கிறேன். இலவசம், தமிழ் ஒழுங்காக வரும். எழுத்தை அடித்ததும் அதை வடிவமாக மாற்றிச் சேமித்துவிடுங்கள், எந்தக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் கொம்பு நகராது. தடித்த எழுத்துருவாக எடுங்கள். உயரம் 8 மில்லிமீட்டர் வைத்தேன், நிஜத்தில் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். தண்ணீர் டெக்காலுக்குக் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப வேண்டியதில்லை.

தாள் இங்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு வேறொன்று. இது தெரியாமல் இங்க்ஜெட் தாளோடு ஒரு பிரிண்ட் கடைக்குப் போனேன். அண்ணாச்சி தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, நம்ம மிஷினு சூடு ஏத்தித்தாம் அடிக்கும். இது உருகி உள்ள சுத்திக்கிட்டா என்ன செய்ய?” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வீட்டு இங்க்ஜெட்டிலேயே அடித்தேன்.

பிரிண்டர் வெள்ளை மை அடிக்காது. அதனால் எழுத்து அடர்சிவப்பு, பின்னணி விமானத்தின் வெள்ளை. அச்சான தாளை ஒரு இரவு காயவைத்து, அதன் மேல் கிளியர் ஸ்ப்ரே மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் அரை மணி இடைவெளி. முதல் பூச்சு பனி படிந்த மாதிரி இருந்தால் போதும், ஈரமாக அடித்தால் மை பரவும். பூச்சைக் குறைத்தாலோ, தண்ணீரில் போட்டதும் எழுத்து கரைந்து ஓடும். வெட்டும்போது எழுத்தைச் சுற்றி 1 மில்லிமீட்டர் விடுங்கள்.

ஐப்பசி மழையில் இந்த ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து பூச்சு பால் மாதிரி வெளுக்கும். ஒரு தாள் முழுக்க எனக்கு அப்படிப் போயிற்று. வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் அடியுங்கள்.

ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மினுங்கும். அதனால் விமானத்துக்கு முதலில் தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். டெக்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 விநாடி முக்கி எடுத்து, டிஷ்யூ மேல் வைத்துக் காத்திருங்கள். விரலால் தொட்டால் நகரும்போதுதான் விமானத்துக்கு நகர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. ‘சுதேசி’யை ஜன்னல் வரிசைக்கு மேலே வையுங்கள். அங்கே உடல் வளைவதால் ஓரம் தூக்கும். வெள்ளை வினிகரைத் தூரிகையால் தொட்டு வைத்து, ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள். அப்படியும் மினுங்கினால் ஊசியால் இரண்டு குத்து, மறுபடி வினிகர்.

பிறகு சேர்த்தது: வினிகருக்குத் தன் டெக்கால் அசையவே இல்லை என்று சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் அச்சடிக்கும் படலம் தடிமன், மூன்று பூச்சுக்கு மேல் போயிருந்தால் இன்னும் தடிமன். அவர் ஐந்து போட்டிருக்கிறார். மூன்றோடு நிறுத்தி மறுபடி செய்ததில் படிந்துவிட்டதாம். அவருடைய விமானம் மதுரை–யாழ்ப்பாணம் ஓடுகிறது.