ஐபம்ஸ் தரவில் வேலைப் பயணம்: கணக்கு எங்கே பிசகுகிறது?

அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பான ஏ.சி.எஸ்.ஸின் தனிநபர் பதிவுகளை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளம் இலவசமாகத் தருகிறது. எதையும் தரவிறக்காமல் உலாவியிலேயே அட்டவணை போட எஸ்.டி.ஏ. என்ற கருவியும் அங்கே உண்டு. விடை நொடியில் வரும். தப்பாகக் கேட்டாலும் அதே நொடியில்தான் வரும், எச்சரிக்கை எதுவும் வராது.

அதிகம் பேர் சறுக்குவது பூஜ்ஜியத்தில். வேலைக்குப் போகும் பயண நேரத்தைச் சொல்லும் 'டிரான்டைம்' என்ற மாறியில் (தரவு நிரலில்) 0 இருந்தால், அந்தக் கேள்வியே அவருக்குப் பொருந்தாது என்று பொருள். குழந்தைகள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் அங்கே 0தான். 100 பேரில் 45 பேர் சராசரியாக 28 நிமிடம் பயணிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே சராசரி எடுத்தால் 12.6 நிமிடம் வரும். ஃபில்டர் பெட்டியில் டிரான்டைம்(1-*), அதாவது 1-உம் அதற்கு மேலும், என்று கொடுத்தால்தான் 28 கிடைக்கும்.

ஃபில்டர் போட்ட பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. நாடு தழுவிய சராசரி 2019-இல் 27.6 நிமிடம், 2021-இல் 25.6. அதே இடைவெளியில் வீட்டிலிருந்து வேலை செய்வோர் 5.7 விழுக்காட்டிலிருந்து 17.9 ஆனார்கள். சராசரிக்குள் இருக்கும் ஆட்களே மாறிவிட்டார்கள். இதை மட்டும் வைத்து நெரிசல் குறைந்தது என்று எழுதிவிடக் கூடாது. இடையிலுள்ள 2020 ஓராண்டுக் கோப்பு சோதனை முறை எடைகளோடு (ஒவ்வொரு பதிவும் எத்தனை பேரைக் குறிக்கிறது என்ற எண்களோடு) வந்தது. அதை மற்ற ஆண்டுகளோடு ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம்.

கேள்வித்தாளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கடந்த வாரம் வழக்கமாக எப்படி வேலைக்குப் போனார், அதிகத் தூரத்துக்கு எந்த வாகனம் என்றுதான் கேட்கிறார்கள். சைக்கிளில் நிலையம் போய் ரயில் ஏறுபவர் 'ரயில்' கணக்கில் சேர்ந்துவிடுவார். தூரம் கேட்கப்படுவதில்லை. (இந்தியாவின் 2011 கணக்கெடுப்பு தூரத்தைக் கேட்டது. தூரத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட நினைப்பவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.)

அடுத்தது இடம். வசிப்பிடம் 'பியூமா' என்ற பகுதியாகக் குறிக்கப்படும்; ஒவ்வொன்றிலும் குறைந்தது 1,00,000 பேர் இருப்பார்கள். வேலையிடப் பியூமா இதைவிடப் பெரிதாக இருக்கலாம். நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் வசிப்பிடப் பியூமாக்கள் 10, வேலையிடப் பியூமா ஒன்றே ஒன்று. வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவரையும் ஹார்லெமுக்குப் போகிறவரையும் பிரிக்க வழியில்லை. பியூமா எண் மாநிலத்துக்குள் மட்டுமே தனித்தது என்பதால், மாநில எண்ணையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் கலந்துவிடும். 2022 கோப்பிலிருந்து எல்லைகள் புதியவை. பழைய எண்ணோடு நேராகப் பொருத்த முடியாது.

தரவிறக்கி 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் வேலை செய்பவர்கள் தனிநபர் எடையான 'பெர்வெயிட்'டை மறக்கிறார்கள். ஓராண்டுக் கோப்பு ஏறக்குறைய 1 விழுக்காட்டு மாதிரி, ஆனால் எல்லா வரிசைக்கும் 100 என்ற எடை கிடையாது. எடையிட்ட எண் ஆயிரக்கணக்கில் தெரிந்தாலும், அதன் பின்னால் 12 பதிவுகளே இருக்கலாம். எடையிடாத எண்ணிக்கையையும் அச்சிட்டுப் பாருங்கள். திட்டப் பிழையை, அதாவது மாதிரி என்பதால் மதிப்பீடு எவ்வளவு விலகக்கூடும் என்பதை, கணக்கிட ஒவ்வொரு பதிவுக்கும் 80 மாற்று எடைகள் உண்டு: அந்த எடைகளை ஒவ்வொன்றாக வைத்து மதிப்பீட்டை 80 முறை கணக்கிட்டு, மூல மதிப்பீட்டிலிருந்து வரும் வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, 4/80 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

எந்தப் பகுதியிலிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பது தெரு அளவில் தெரிய வேண்டுமென்றால், அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் இணைய வரைபடமான ஆன்தமேப் கருவிக்குப் போகலாம். அதில் வாகனமும் பயண நேரமும் கிடைக்காது.