ஐந்து சுரம் போதும்: கிட்டாரில் லீட் வாசிக்க முதல் படிகள்

கார்ட் பிடித்து, பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்ய வந்துவிட்டது. பாட்டின் நடுவே தனியாக ஒலிக்கும் அந்த லீட் மட்டும் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. அப்படி நிற்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஏ மைனர், எஃப், சி, ஜி ஆகிய நான்கு கார்டுகளையும் தட்டுத்தடுமாறியாவது மாற்றத் தெரிந்தால் போதும். நொட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை.

பெண்டடானிக் என்பது ஐந்து சுரங்கள் கொண்ட ஸ்கேல். நாம் எடுத்துக்கொள்வது ஏ மைனர் பெண்டடானிக்: ஏ, சி, டி, ஈ, ஜி. கர்நாடக இசை கற்றவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லலாம், சுத்த தன்யாசி. ஏ-வை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் ச க ம ப நி அப்படியே வந்துவிடும்.

ஏழு சுரம் இருக்கும்போது எதற்கு ஐந்து? முழு ஏ மைனர் ஸ்கேலில் பி-யும் சி-யும் ஒரே ஒரு ஃப்ரெட் தள்ளி இருக்கின்றன. ஈ-யும் எஃப்-உம் அப்படித்தான். நெருக்கமான இந்த ஜோடிகள்தான் இடம் தெரியாமல் தொட்டால் காதை உறுத்தும். பெண்டடானிக்கில் பி-யும் எஃப்-உம் கிடையாது. உரசுவதற்கு ஆள் இல்லாததால், விரல் எங்கே போய் விழுந்தாலும் பெரிய விபத்து நடக்காது.

படி 1: பாக்ஸைப் பிடியுங்கள்

தடித்த தந்தி 6, மிக மெல்லியது 1. சாதாரண டியூனிங்தான். 5-ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு இப்படி வாசியுங்கள், இந்த வடிவத்தைத்தான் பாக்ஸ் என்கிறோம்:

6-ஆம் தந்தி: 5, 8
5-ஆம் தந்தி: 5, 7
4-ஆம் தந்தி: 5, 7
3-ஆம் தந்தி: 5, 7
2-ஆம் தந்தி: 5, 8
1-ஆம் தந்தி: 5, 8

5-க்கு ஆள்காட்டி விரல், 7-க்கு மோதிர விரல், 8-க்குச் சுண்டு விரல். நடுவிரலுக்கு இப்போதைக்கு விடுமுறை. மெல்லிய இரண்டு தந்திகளில் 8-ஐ மோதிர விரலால் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, தந்தியை வளைக்க வலு கிடைக்கும் என்பதற்காக. நீங்கள் முதலில் சுண்டு விரலைப் பழக்குங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். விரலை ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் அதிக பலம் தேவைப்படாது.

மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சுரம். பிக் கீழே, மேலே, கீழே, மேலே என்று மாறி மாறிப் போக வேண்டும். நான்கு முறை தப்பில்லாமல் வந்தால் 65-க்குப் போகலாம். வராவிட்டால் 60-லேயே இருங்கள், யாரும் துரத்தவில்லை.

இந்தப் பன்னிரண்டு இடங்களில் மூன்று, ஏ என்ற ரூட் சுரம்: 6-ஆம் தந்தியில் 5, 4-ஆம் தந்தியில் 7, 1-ஆம் தந்தியில் 5. இவைதான் வீடு. கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் தொட வர வேண்டும்.

இனிமேல் சுருக்கமாக எழுதுகிறேன்: முதலில் தந்தி, பிறகு ஃப்ரெட். 4/7 என்றால் 4-ஆம் தந்தியில் 7-ஆவது ஃப்ரெட்.

படி 2: ஏறி இறங்குவதை நிறுத்துங்கள்

பாக்ஸ் விரலில் உட்கார்ந்ததும் பெரும்பாலானோர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன். மாதக்கணக்கில் மேலே ஏறினேன், கீழே இறங்கினேன், வேகமும் வந்தது. ஒருநாள் நண்பன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, எப்ப வாசிக்க ஆரம்பிப்பே?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. அகரவரிசையை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அது பேச்சாகிவிடாது.

ஆகவே பன்னிரண்டு இடத்தையும் மறந்துவிட்டு நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 4/7, 3/5, 3/7, 2/5. அதாவது ஏ, சி, டி, ஈ. முதலில் ஒரு கேள்வி கேட்போம்:

3/5, 3/7, 2/5 (நீட்டுங்கள்)

இப்போது நிறுத்துங்கள். நிஜமாகவே நிறுத்துங்கள், ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு பதில்:

3/7, 3/5, 4/7 (நீட்டுங்கள்)

கேள்வி ஈ-யில் தொங்கியது, பதில் ஏ-வில் வந்து உட்கார்ந்தது. அதே மூன்று சுரங்களை வைத்துத் தாளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் சுரத்தை இரண்டு முறை தட்டுங்கள், நடுச் சுரத்தை நீட்டுங்கள், ஒரு தட்டு தாமதமாகத் தொடங்குங்கள். ஒரு வாரம் இந்த நான்கு சுரங்களை விட்டு வெளியே போகாதீர்கள். அலுப்பாகத்தான் இருக்கும். வேறு சுரம் கிடையாது என்ற நெருக்கடியில்தான் விரல் தாளத்தைத் தேடத் தொடங்கும்.

வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் இன்னும் நல்லது. பாடும்போது மூச்சு வாங்கியாக வேண்டுமே, அந்த இடைவெளி தானாகவே வாசிப்பில் வந்துவிடும்.

படி 3: கார்டுக்கு ஏற்ப இறங்குங்கள்

ஏ மைனர், எஃப், சி, ஜி: ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு. இதை நீங்களே ஸ்ட்ரம் செய்து ஐந்து நிமிடம் ஃபோனில் பதிவு செய்யுங்கள். கடையில் கிடைக்கும் பேக்கிங் ட்ராக்கைவிட இது மேல், கார்ட் எப்போது மாறுகிறதென்று உங்கள் கைக்கே தெரிந்திருக்கும்.

பெரிய விபத்து நடக்காது என்று மேலே சொன்னேன். விபத்து இல்லை என்பதாலேயே எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று போய்க்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. உயிர் வருவது, கார்ட் மாறும் அந்த நொடியில் நீங்கள் எந்தச் சுரத்தில் நிற்கிறீர்கள் என்பதில்தான்.

ஏ மைனரில் இருப்பவை ஏ, சி, ஈ. எஃப்-இல் எஃப், ஏ, சி. சி-யில் சி, ஈ, ஜி. ஜி-யில் ஜி, பி, டி. கவனித்தீர்களா, முதல் மூன்று கார்டுகளிலும் சி இருக்கிறது. பதிவை ஓடவிட்டு 3/5-ஐ மட்டும் வாசியுங்கள், கார்டுக்கு ஒரு முறை. விரல் நகரவே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு கார்டிலும் அதன் முகம் மாறும். ஏ மைனரில் சற்றுச் சோகம், சி கார்டில் வீடு வந்து சேர்ந்த நிம்மதி. ஜி வரும்போதும் அங்கேயே நின்றால் ஏதோ முடியாத மாதிரி இழுக்கும். அப்போது 3/7-க்கு, அதாவது டி-க்கு ஏறுங்கள். சிக்கல் அவிழ்வது கேட்கும்.

இந்த ஒரு பயிற்சியை யாராவது எனக்கு முதல் மாதத்திலேயே சொல்லியிருக்கலாம்.

படி 4: தந்தியைப் பேச வையுங்கள்

ஹேமர்-ஆன்: 3/5-ஐத் தட்டிவிட்டு, பிக் தொடாமல் மோதிர விரலை 3/7-இல் சுத்தியல்போல் இறக்குங்கள். புல்-ஆஃப் அதற்கு நேர் எதிர். விரலைச் சும்மா தூக்காமல், தந்தியைச் சற்றுக் கீழ்ப்பக்கம் சுண்டி எடுக்க வேண்டும். ஸ்லைடு: அழுத்தத்தைத் தளர்த்தாமல் 3/7-இலிருந்து 3/9-க்குச் சறுக்குங்கள். 3/9-உம் ஈ-தான்.

அதிக நேரம் செலவிட வேண்டியது பெண்டுக்கு (bend), அதாவது தந்தியை வளைத்துச் சுரத்தை உயர்த்துவதற்கு. முதலில் 2/5-ஐ வாசித்து அந்த ஈ-யைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதுதான் இலக்கு. இப்போது 3/7-இல் மோதிர விரல், அதற்குப் பின்னால் அதே தந்தியில் 6-இல் நடுவிரல், 5-இல் ஆள்காட்டி விரல். மூன்றும் சேர்ந்து தந்தியை உங்கள் முகத்தின் பக்கமாகத் தள்ள வேண்டும். கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பற்றியிருக்கட்டும். சக்தி விரலிலிருந்து வராது, மணிக்கட்டைத் திருப்புவதிலிருந்து வரும், கதவின் குமிழைத் திருப்புவதுபோல. டி மெல்ல ஏறி ஈ-யைத் தொட்டதும் நில்லுங்கள். மறுபடி 2/5-ஐ வாசித்து ஒப்பிடுங்கள். தொடங்குகிறவர்களின் பெண்ட் பெரும்பாலும் இலக்குக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். அந்தக் கொஞ்சம்தான் சுருதி விலகலாகக் கேட்கிறது.

அகௌஸ்டிக் கிட்டாரில் 3-ஆம் தந்தி பொதுவாகக் கம்பி சுற்றிய தடித்த தந்தி. அதை ஒரு முழுச் சுரம் வளைக்கப் போராடாதீர்கள், ஸ்லைடால் ஈ-யை அடையுங்கள். எலெக்ட்ரிக்கில் மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலமாக இருக்கும் தொகுப்பு விரலுக்கு இதமாக இருக்கும்.

எல்லாம் சேர்த்து ஒரு லிக், அதாவது ஒரு குட்டி இசைத்துணுக்கு: 3/7-ஐ ஈ வரை வளையுங்கள், 2/5, 2/8, 2/5, 3/7-இலிருந்து 3/5-க்குப் புல்-ஆஃப், கடைசியில் 4/7. அந்தக் கடைசி ஏ-வை மொட்டையாக விடாமல், தந்தியைச் சிறிதளவு வளைத்து வளைத்து விடுங்கள். அதுதான் வைப்ரேட்டோ. நடுக்கம்போல் வேகமாக வேண்டாம், நிதானமாக, தாளத்தோடு.

வாசிக்காத தந்திகள் இரைகின்றனவா? தடித்தவற்றை வலது உள்ளங்கையின் ஓரத்தால் மூடுங்கள், மெல்லியவற்றை ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

படி 5: பாக்ஸை நகர்த்துங்கள்

6-ஆம் தந்தியில் ஆள்காட்டி விரல் நிற்கும் இடமே ஸ்கேலின் பெயர். 3-இல் ஜி மைனர், 8-இல் சி மைனர், 10-இல் டி மைனர், 12-இல் ஈ மைனர். வடிவம் மாறாது. ப்ளூஸ் வாசனை வேண்டுமென்றால் நம் பாக்ஸில் 5/6, 3/8 என்ற இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நிற்கக் கூடாது, கடந்து போக வேண்டும்.

பாட்டு ஏ மேஜரில் இருந்தால்? அதே வடிவத்தை மூன்று ஃப்ரெட் கீழே, 2-க்கு இறக்குங்கள். இது மேஜர் பெண்டடானிக், மோகனம். இப்போது வீடு ஆள்காட்டி விரலில் இல்லை: 6-ஆம் தந்தியில் சுண்டு விரல் விழும் 6/5-இலும், 3/2-இலும், 1/5-இலும் இருக்கிறது. ஏ, டி, ஈ மேஜர் கார்டுகளைப் பதிவு செய்து ஓடவிட்டு, பழைய கேள்வியையே கேளுங்கள்: 3/2, 3/4, 2/2. பதில்: 3/4, 3/2. பழக்கதோஷத்தில் விரல் 4/4-க்கு இறங்கப் பார்க்கும். ஒரு முறை இறங்கவும் விடுங்கள், பதில் சொல்ல வந்தவர் மறுபடி கேள்வி கேட்டுவிட்டுப் போவது கேட்கும்.