இரண்டு வீல், ஒரே செயின்: தேய்ந்த செயினையும் கேசட்டையும் மாற்றும் முறை

ஒரே சைக்கிளுக்கு இரண்டு பின் வீல் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் வேகமாக ஓட்ட ஒன்று, மழைக்கும் மோசமான ரோட்டுக்கும் தடித்த டயர் போட்ட இன்னொன்று, வீட்டுக்குள்ளேயே சைக்கிளை மாட்டி மிதிக்கும் டிரெயினர் இருந்தால் அதில் மூன்றாவதாக ஒரு கேசட் (பின் வீலின் பல்சக்கர அடுக்கு). வீல் மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் கேசட் எத்தனை இருந்தாலும் அத்தனையின் மேலும் ஓடுவது ஒரே செயின், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பட்டதைச் சொல்கிறேன். புது வீலும் புது கேசட்டும் வாங்கினேன், செயின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று பழசையே விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து புது செயின் போட்டால், பழைய வீலில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் டக் டக்கென்று துள்ளுகிறது. சரி, அது பழசு என்று புது வீலை மாட்டினேன், அதிலும் துள்ளல். ஒரு செயினை நேரத்தில் மாற்றாததற்கு இரண்டு கேசட் தண்டம்.

ஏன் இப்படி? செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே தவிர இரும்பு ஒன்றும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னும் அது உட்காரும் துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே இருந்த அரை அங்குலம், அதாவது 12.7 மிமீ, கூடிக்கொண்டே போகிறது. அப்படி நீண்ட செயின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கிழடானால் சத்தமே வராது, ஒத்துப்போய் ஓடும். நடுவில் புது செயின் வந்தால்தான் சண்டை.

முதலில், உங்களிடம் இருப்பது கேசட்தானா?

விலை குறைந்த 7 ஸ்பீடு (பின்னால் 7 பல்சக்கரம்) கியர் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது கேசட் அல்ல, மரை வைத்துத் திருகிய ஃப்ரீவீல். வீலைக் கழற்றி பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளமும் கூடவே சுற்றினால் கேசட், அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். இரண்டுக்கும் டூல் வேறு. அப்புறம், எல்லா வீலிலும் ஒரே ஸ்பீடாக இருக்க வேண்டும். 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (வீலின் நடுவே கேசட் உட்காரும் பகுதி) 10 ஸ்பீடு கேசட் போடலாம், ஆனால் பின்னால் 1.85 மிமீ வளையம் ஒன்று வைக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும்.

செயினை அளப்பது

செயின் செக்கர் வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புது செயினில் 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால், ஆசாரிக் கணக்கில் அரை நூல், தேய்மானம் 0.5 சதவீதம். ஒரு நூல் தாண்டியிருந்தால் 1 சதவீதம், அதற்குள் கேசட்டும் அநேகமாகப் போயிருக்கும்.

11, 12 ஸ்பீடுக்கு 0.5, 8 முதல் 10 ஸ்பீடு வரை 0.75 சதவீதத்தில் மாற்றலாம் என்பது பொதுவான கணக்கு. ஒன்றுக்கு மேல் கேசட் இருந்தால் எந்த ஸ்பீடானாலும் 0.5க்கு வந்ததுமே மாற்றுங்கள் என்பேன் நான். செயினைவிட கேசட் விலை அதிகம், அதுவும் இங்கே கெடப்போவது ஒன்றல்ல.

புது கேசட்டோடு இன்னொரு வீல் வாங்கினால் அன்றைக்கே செயினை அளந்து பாருங்கள், மாற்ற வேண்டிய அளவில் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அன்றைக்கே புது செயின். தேய்ந்த செயின் புது கேசட்டில் துள்ளாது, அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம், சத்தமில்லாமல் அரைத்துவிடும்.

செயினை மாற்றுவது

குயிக் லிங்க் (செயினின் இரு முனையையும் பூட்டும் தனிக் கண்ணி) இருந்தால் அதற்கான இடுக்கியால் அமுக்கினால் கழன்றுவிடும், இல்லையென்றால் செயின் கட்டர் வைத்து ஒரு பின்னைத் தள்ளுங்கள். கழற்றும் முன் செயின் டிரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) எப்படிப் போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நானே இரண்டு தடவை தப்பாகக் கோத்திருக்கிறேன்.

புது செயினை வெட்டும்போது பழசைப் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் பார்க்காதீர்கள். 110 கண்ணிச் செயினில் 0.5 சதவீதம் என்றாலே அரைக் கண்ணிக்கு மேல் வித்தியாசம் வரும். கண்ணிகளை எண்ணுங்கள். ஒரு வீலில் பெரிய பல்சக்கரம் 28 பல், இன்னொன்றில் 34 என்றால் 34க்குத் தகுந்த நீளம் வைக்க வேண்டும். 28க்கு வெட்டிவிட்டு 34 வீலை மாட்டி, தெரியாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் கியர் போட்டால் டிரெய்லர் பிய்ந்து வரும்.

குயிக் லிங்க் மேல்பக்கச் செயினில் வரும்படி வைத்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி அழுத்துங்கள், டக்கென்று பூட்டிக்கொள்ளும். ஷிமானோவின் 11, 12 ஸ்பீடு குயிக் லிங்க் ஒரு முறைக்கு மட்டும்தான். கழற்றினால் புதுசு வேண்டும்.

ஒவ்வொரு வீலாக ஓட்டிப் பார்ப்பது

கேசட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பற்கள் ஒன்று குட்டை, ஒன்று சரிவு என்று இருப்பது கியர் எளிதாக மாறுவதற்காகப் பிறவியிலேயே அப்படிச் செய்தது, அதைத் தேய்மானம் என்று நினைத்து நல்ல கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. வண்டி இல்லாத ஒரு மேட்டில், சீட்டில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு கியராக அழுத்தி மிதியுங்கள். எழுந்து நின்று மிதிக்க வேண்டாம், துள்ளினால் குழாயில் எங்கே இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் அதிகம் ஓட்டும் கியர்கள்தான் முதலில் துள்ளும். பிறகு அடுத்த வீலை மாட்டி, மறுபடி முதலிலிருந்து.

ஒரு வீலில் மட்டும் துள்ளினால் இரண்டு வழி. அந்தக் கேசட்டை மாற்றலாம். அல்லது கழற்றிய பழைய செயினை அந்த வீலுக்கே எழுதி வைத்துவிட்டு, இரண்டும் சாகும் வரை சேர்த்து ஓட்டலாம், டிரெயினரில் கிடக்கும் கேசட்டுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் வீல் மாற்றும்போதெல்லாம் செயினும் மாற்ற வேண்டும், திரும்பப் பூட்டக்கூடிய குயிக் லிங்காக வாங்குங்கள்.

கேசட்டை மாற்றுவது

செயின் விப்பை (நுனியில் செயின் துண்டு உள்ள கைப்பிடி) பெரிய பல்சக்கரத்தில் சுற்றி, அது பின்னால் ஓடாதபடி வலஞ்சுழியாகப் பிடித்துக்கொண்டு, கேசட்டைப் பிடித்திருக்கும் லாக்ரிங்கை அதற்கான டூலால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், லாக்ரிங்கின் வரிகள் விடுபடும் சத்தம் அது. ஹப்பைத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி, அகலம் மாறுபட்ட ஒரே ஒரு வரியைப் பார்த்துப் புது கேசட்டை ஏற்றுங்கள். இறுக்கும்போது விப் வேண்டாம். 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம், டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் நன்றாக முக்கி இறுக்கினாலே பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. ஹப்புக்கு ஹப் கேசட் உட்காரும் இடம் ஒரு மயிரிழை தள்ளி இருக்கும், அதனால் வீல் மாற்றியதும் கியர் கரகரக்கலாம். செயின் பெரியதுக்கு ஏறத் தயங்கினால் டிரெய்லரின் கேபிள் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று, சிறியதுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. என் இரண்டாவது வீலுக்கு எப்போதும் இரண்டு கிளிக், அதை ரிம்மிலேயே டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் செயின் போட்ட தேதியும் இருக்கிறது. ஒவ்வொரு வீலிலும், பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டிரெய்லரைக் கையால் ஸ்போக் பக்கம் தள்ளி, செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி விழவில்லை என்று பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.